எத்தனை பர்சென்ட்

2002ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினோராம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு இருபது. காலையிலிருந்து நசநசவென்று தூறல். வெயில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து அந்த நர்சிங் ஹோமின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தபோது என் செருப்பு இரண்டும் ஊறிப்போயிருந்தன. தரையில் ஃபினாயில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதில் பலர் நடந்து நடந்து அது சாம்பல் நிறக் குழம்பாகியிருந்தது. அந்தக் குழம்பில்தான் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் நிற்க வேண்டும். உட்கார இடமில்லை. இருந்த நான்கு நாற்காலிகளில் ஒன்றில் யாரோ வாந்தி எடுத்து, அதன் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைசிக் கட்டிலில் என் மச்சான் சட்டைப் பட்டன்கள் திறந்தபடி கிடந்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. தங்கவயலில் இருபத்து நான்கு வருடம் பூமிக்கடியில் வேலை பார்த்தவன். முந்தின வருடம் அந்தத் தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மனைவியையும் மகளையும் அங்கேயே சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் விட்டுவிட்டு, பெங்களூரில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் சேர்ந்து, வாரத்தில் ஆறு நாள் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தான். சனிக்கிழமை சாயங்கால ரயிலில் ஊருக்குப் போவான். திங்கட்கிழமை விடியற்கால ரயிலில் திரும்புவான். வயது நாற்பத்தேழு.

அன்று வேலையிடத்தில் மூச்சு முட்டி விழுந்துவிட்டான். கூட வேலை செய்த பையன்கள் ஆட்டோவில் போட்டு இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டு எனக்கு போன் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பார்க்கும்போது அவனுக்கு வியர்வை ஆறாக ஓடியது. அந்தக் குளிரில் அப்படி ஒரு வியர்வை. இரண்டு கைகளிலும் விரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்திருந்தன. நாடியைப் பிடித்து என் வாட்சைப் பார்த்து எண்ணினேன். நூற்று முப்பத்து நான்கு. எண்ணுவது எனக்குப் பழக்கம். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணி ஓய்வு பெற்றவன் நான்.

கட்டிலுக்குக் கீழே ஒரு நீல பக்கெட். அதில் ரத்தப் பஞ்சு, ஊசி உறைகள், பாதி கடித்த ஒரு பஃப்ஸ். மூன்றும் ஒரே பக்கெட்டில். அந்தப் பஃப்ஸின் மீதிப் பாதி டியூட்டி டாக்டரின் வாயில் இருந்தது என்பதை அவர் பக்கத்தில் வந்ததும் தெரிந்துகொண்டேன். மென்றுகொண்டே என்னைப் பார்த்து, "யாவ ஊரு?" என்று கன்னடத்தில் கேட்டார். தங்கவயல் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கஷ்டமான கணக்குக்குப் பின்பக்கத்திலேயே விடை அச்சடித்திருப்பதைப் பார்த்த மாணவனின் நிம்மதி.

"மைன்ஸா? எத்தனை பர்சென்ட்?" என்றார்.

தங்கவயல்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாறைத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போனவர்களை மருத்துவர்கள் குழு ஒன்று பரிசோதித்து, இத்தனை சதவீதம் பாதிப்பு என்று தீர்மானிக்கும். அதன்படி நஷ்டஈடு கிடைக்கும். ஊரில் இரண்டு பேர் கல்யாண வீட்டில் சந்தித்தால் பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே எத்தனை பர்சென்ட் என்று கேட்டுக்கொள்வார்கள். கூடுதல் பர்சென்ட்காரனுக்குக் கூடுதல் மரியாதை. தூசியில் செத்தால் யூனியன் கொடி போர்த்தி, நாலு தெரு சுற்றி எடுத்துப் போவார்கள். என் மச்சானுக்குப் பதினைந்து. அவனுடைய பெரியப்பா மகன் ஒருவன் எப்போது வந்தாலும் அதை வைத்துக் கிண்டல் செய்வான். "பதினைஞ்செல்லாம் ஒரு பர்சென்ட்டாடா? என் மாமனாருக்கு நாப்பது. அவரு மூச்சு வாங்கி மாடிப்படி ஏறினா மாரிக்குப்பம் ஸ்டேஷன்ல ரயில் வந்துடுச்சுன்னு நினைச்சு ஜனங்க பையைத் தூக்கிட்டு ஓடுவாங்க."

பதினைந்து என்று டாக்டரிடம் சொன்னேன். புறப்படும்போதே மறக்காமல் எடுத்து வந்திருந்த பழைய எக்ஸ்ரே படத்தைக் காக்கி உறையிலிருந்து உருவிக் கொடுத்தேன். அவர் அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, "நோடி, டஸ்ட்" என்றார், பாருங்கள், தூசி என்று. மச்சான் முகத்தில் ஒரு மாஸ்க்கைக் கட்டினார்கள். அது புஸ்ஸென்று புகை விட்டது. ஓர் ஊசி. இன்னொரு எக்ஸ்ரே. மூன்று மணி நேரம் கழித்து அவன் எழுந்து உட்கார்ந்தான். போகலாம் என்றார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு டாக்டர், இரண்டு நர்ஸுகள், ஓர் ஆயா அவனருகே வந்தார்கள். நான்கு பேரும் என்னிடம்தான் பேசினார்கள். அவனிடம் பேசியது ஆயா மட்டுமே. காலைத் தூக்கச் சொன்னாள், தரை துடைக்க.

அடுத்த முறை ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை. அதே நர்சிங் ஹோம், அதே கட்டில். டாக்டர் மட்டும் வேறு. இவரும் எத்தனை பர்சென்ட் என்றுதான் ஆரம்பித்தார். இவரும் படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். மச்சானின் விரல்கள் மறுபடியும் மடங்கியிருந்ததை நான் சுட்டிக்காட்டினேன். "ஆமா ஆமா, வீக்னஸ்" என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் காலில் அழுகிய புண்ணோடு கிடந்தார். அதன் நாற்றத்துக்கு யாரோ ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். அழுகலும் மல்லிகையும் கலந்த அந்த வாடையை என் மூக்கு இன்னும் வைத்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன்.

தூசி என்று ஒன்று கையில் இருந்தால் எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடலாம். மச்சான் சாப்பிடுவதில்லை. தூசி. இளைத்துக்கொண்டே வந்தான். தூசி. விளக்கை எரியவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய விடிய விழித்திருந்தான். தூசிக்காரர்களால் மல்லாந்து படுக்க முடியாது, உட்கார்ந்துதான் தூங்குவார்கள் என்று என் மனைவி சொன்னாள். அவளுடைய அப்பா கடைசி மூன்று வருடம் அப்படித்தான் இருந்தாராம். பேச்சும் குறைந்துபோனது. பேசினால் மூச்சு வாங்கும், பாவம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் பேரைச் சொல்லி நுரையீரலுக்காக ஜெபித்தார்கள். சாமிக்கும் எக்ஸ்ரே காட்டியாகிவிட்டது.

அவனுடைய வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏர்போர்ட் ரோட்டில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் ஆபீஸ் கட்டிடம். அதற்குக் கீழே இரண்டு மாடி ஆழத்தில் கார் நிறுத்துமிடம். காவலுக்கு எடுத்தவர்களில் அங்கே நிற்க யாருக்கும் இஷ்டமில்லை. காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை, பெட்ரோல் புகை வேறு. சூப்பர்வைசர் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்து, "யாரப்பா அது தங்கவயல்காரன்? நீ கீழ போ. உனக்கு மண்ணுக்குள்ள நிக்கறது மாமியார் வீடு மாதிரி" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். மச்சானும் சிரித்ததாகத்தான் எங்களிடம் சொன்னான். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம். இருபத்து நான்கு வருடம் அத்தனை ஆயிரம் அடி ஆழத்தில் இருந்தவனுக்கு இருபது அடி எம்மாத்திரம் என்று நினைத்தோம்.

செப்டம்பரில் மூன்றாவது முறை விழுந்தான். இந்தத் தடவை நர்சிங் ஹோம் வேண்டாம் என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே அவசரப் பிரிவில் ஏ.சி. இருந்தது. நாற்றத்தை வெளியே விடாமல் குளிர வைத்து உள்ளேயே வைத்திருந்தார்கள். முதலில் பணம் கட்டும் ஜன்னல், பிறகு நோயாளி. ஒரு பையன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, மூச்சுவிட முடியாமல் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தவனின் பெயருக்கு இனிஷியல் என்ன என்று என்னிடம் மூன்று தடவை கேட்டான்.

நெஞ்சு நோய் நிபுணர் ஒருவர் வந்தார். நல்ல செண்ட் போட்டிருந்தார். மச்சான் கொஞ்சம் தெளிந்ததும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மிஷினில் அளந்தார்கள். நிபுணர் தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு மச்சானின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தூசி இருப்பது உண்மைதான், ஆனால் அது இப்படி ஆளைக் கீழே தள்ளும் அளவுக்கு இல்லை என்றார். "வண்டி நல்லா இருக்குப்பா. இன்னும் முப்பது வருஷம் ஓடும்."

என்னைத் தனியாக அழைத்துப் போய் அவர் சொன்னது வேறு. "வேலைக்குப் போகப் பிடிக்கலையோ என்னமோ. சில பேர் இப்படிப் பண்ணுவாங்க. கண்டுக்காதீங்க." கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. படித்தவர், பெரிய பெரிய தேசங்களில் படித்தவர். ஒரு மனிதன் வியர்த்து விறைத்துக் கிடக்கிறான். நுரையீரல் காரணமில்லை என்று இவரே கண்டுபிடிக்கிறார். அப்படியானால் எது காரணம் என்று அடுத்த கேள்வி வர வேண்டாமா? ஸ்டோர்ஸில் ஒரு பெட்டி குறைந்தால், இந்த அலமாரியில் இல்லை என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியுமா? அடுத்த அலமாரியைத் திறப்போம். இவர் சிமிட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது மச்சான் ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அல்சூர் ஏரி தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "முப்பது வருஷமா, மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதையே கேட்டான். டாக்டரே சொல்லிவிட்டார், எழுபத்தேழு வயது வரை உனக்குக் கவலையில்லை என்றேன்.

அன்று என் மனைவி பிரியாணி செய்தாள். தெருவில் தெரிந்த நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். தம்பிக்குத் தூசி அவ்வளவாக இல்லை என்று தங்கவயலுக்கு போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பெரியப்பா மகன் போனிலேயே, "அப்போ பதினைஞ்சும் போச்சா? குடுத்த பணத்தைத் திருப்பிக் கேக்கப் போறானுங்க, ஜாக்கிரதை" என்றான். மச்சான் தட்டின் முன் உட்கார்ந்து, கறித் துண்டுகளை ஒரு பக்கமும் சோற்றை ஒரு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் சோற்றில் விழுந்தது. சந்தோஷத்தில் அழுகிறான் என்று மனைவி தலையைத் தடவினாள். தட்டை அப்படியே எடுத்துப் போய் நாய்க்கு வைத்தோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் விழவேயில்லை. மூச்சு வாங்கவில்லை. வியர்க்கவில்லை. குணமாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். அவன் சாந்தமாக இருந்தான். தன்னுடைய இரண்டு நல்ல சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு, அளவு சரியாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தான்.

அக்டோபர் இருபத்து நான்கு, வியாழக்கிழமை. பழைய மெட்ராஸ் ரோட்டில், ஜோகுபாளையம் திரும்பும் இடத்தில், பஸ் தட்டிவிட்டது என்று சாயங்காலம் நாலரைக்குத் தகவல் வந்தது. அங்கிருந்தவர்கள் அருகிலிருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் காக்கி உறையோடு ஓடினேன்.

இந்த அவசரப் பிரிவு மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. வாசலிலேயே ஸ்ட்ரெச்சருக்கடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கட்டில்களுக்கு நடுவே கட்டியிருந்த பச்சைத் திரைகளில் நூறு பேர் கை துடைத்திருப்பார்கள். ஒரு குழந்தை இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தது. அதன் அப்பன் வார்டு பாயோடு ஸ்ட்ரெச்சர் வாடகைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். மச்சானுக்கு நெற்றியில் ஏழு தையல். தோள்பட்டை எலும்பில் விரிசல். பஸ் டிரைவர் கடைசி நொடியில் திருப்பியதால் அவ்வளவோடு போயிற்று. ஒரு கான்ஸ்டபிள் வந்து, ரோடு கிராஸ் பண்ணும்போது கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு, மச்சானைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

டியூட்டியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. கன்னடக்காரப் பெண், சிவாஜிநகர்ப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசினாள். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். கர்ச்சீப்பைப் பையில் போட்ட அதே கையால் அவனைத் தொட்டாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டாள். நான் ஆரம்பித்தேன். தங்கவயல், டஸ்ட் கேஸ், பதினைந்து பர்சென்ட், ஜூலையில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை என்று வரிசையாகச் சொல்லி எக்ஸ்ரேயை நீட்டினேன்.

அவள் படத்தை வாங்கிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். "நான் அவரைத்தான் கேட்டேன், அங்கிள். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

நோயாளியைக் கேள்வி கேட்டு, பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் பதில் சொல்லாமல் இருந்ததை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. நம் ஊரில் அதுதானே வழக்கம். வயதில் பெரியவர், படித்தவர், கூட வந்தவர் பேசுவார். படுத்திருப்பவன் நாக்கை நீட்டுவான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வெளியே போய் நின்றேன். பச்சைத் திரையின் கீழே அவளுடைய செருப்பு தெரிந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இத்தனை மாதத்தில் ஒரு டாக்டர் அவனருகே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்பது நிமிடம். நடுவில் இரண்டு முறை நர்ஸ் வந்து வேறு கேஸுக்குக் கூப்பிட்டாள். ஒரு முறை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் அவள் என்னிடம், மூச்சு முட்டி விழுந்த மூன்று தடவையும் அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் தெரியுமா என்று கேட்டாள். வேலையிடத்தில் என்றேன். வேலையிடத்தில் எங்கே? நான் யோசித்தேன். கீழே, கார் நிறுத்துமிடத்தில். மூன்று முறையும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை அவன் ஒருமுறையாவது விழுந்திருக்கிறானா? இல்லை. ரயிலில்? இல்லை. தூசிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா என்று அவள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்து, ஒரு ஷிஃப்ட் முழுக்க அவன் இன்னொருவரோடு இருட்டில் மாட்டிக்கொண்டதை அவள் சொன்னாள். அந்த விபத்து எங்களுக்குத் தெரியும். கையில் சிராய்ப்போடு வந்தான், மறுவாரமே வேலைக்கு இறங்கினான். கூட இருந்தவர் இடுப்புவரை பாறைக்கடியில் சிக்கி, சாகும்வரை இவனோடு பேசிக்கொண்டே இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. கார் நிறுத்துமிடத்தில் விளக்கு மங்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறதாம்.

"அவருக்கு மூச்சு முட்டினது பயத்துல, அங்கிள். தூசியில இல்ல. இப்போ ஒரு மாசமா பயமும் போயிடுச்சு. அதான் எனக்குப் பயமா இருக்கு. இன்னிக்கு இவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மனசு டாக்டர் பார்க்கணும், இன்னிக்கே. இங்க அவங்க யாரும் இல்ல."

அதற்குள் அவளுக்கு மேலே இருந்த பெரிய டாக்டர் வந்துவிட்டார். அவருக்குக் கட்டில் வேண்டும். விபத்துக் கேஸ், தையல் போட்டாயிற்று, தோளைக் கட்டியாயிற்று, இன்னும் என்ன என்றார். அவள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அவர் சத்தமாகவே பதில் சொன்னார், எல்லாக் கட்டிலுக்கும் கேட்கும்படி. இது எமர்ஜென்சி, இங்கே காயத்துக்கு வைத்தியம் பார்ப்போம், மனக்கஷ்டத்துக்கெல்லாம் பார்க்க ஆரம்பித்தால் தினமும் கட்டிலுக்கு மூன்று பேரைப் படுக்க வைக்க வேண்டும் என்றார். நர்ஸுகள் இளித்தார்கள்.

என் மனைவி ஜெபப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைச் சுவரோரம் இழுத்துப் போய்க் கோபத்தோடு முணுமுணுத்தாள். "தூசின்னு இருந்தவரைக்கும் அவனுக்கு ஒரு மரியாதை இருந்துச்சுங்க. இப்போ அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, பதினைஞ்சு பர்சென்ட்டே மூளையிலதான் வாங்கினான்னு ஊர்ல சிரிப்பாங்க. காயம் ஆறட்டும். வீட்டுக்குப் போலாம்." அவள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். அவளுடைய அப்பா கொடி போர்த்திக்கொண்டு போனவர்.

நான் திரையை விலக்கி உள்ளே போனேன். மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வீட்டுக்குப் போய்விடலாம் மாமா, எனக்கு ஒன்றும் இல்லை என்றான். எனக்கு வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை. நான் அறிந்ததெல்லாம் எண்ணிக்கை. அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தாய், எத்தனை பஸ் போயிற்று என்று கேட்டேன்.

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "மூணு பஸ்ஸை விட்டுட்டேன் மாமா. ஸ்கூல் விட்ட நேரம். ஃபுட்போர்டுல பசங்க தொங்கிட்டு வந்தாங்க. டிரைவர் திடீர்னு பிரேக் போட்டா விழுந்துடுவாங்கல்ல. நாலாவது காலியா வந்துச்சு."

என் பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பிறகு அவன், "தூசி முடிச்சிடும்னு பார்த்துட்டு இருந்தேன் அக்கா. கௌரவமா போயிடலாம்னு. அந்த டாக்டர் முப்பது வருஷம்னு சொல்லிட்டாரு" என்றான்.

அவள் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து அவனுடைய செருப்பை எடுத்தாள். அந்தத் தரையில் கிடந்த செருப்பு அது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து அவன் காலில் மாட்டினாள். "ஆட்டோ கூப்பிடுங்க" என்று என்னிடம் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று நான் கேட்கவில்லை. வாசல்வரை அந்த டாக்டரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கூட வந்தாள். ஆட்டோவில் அவனை நடுவில் உட்கார வைக்கச் சொன்னாள். இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்தோம்.

மனநோய் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பெருமையாக எழுத எனக்குக் கை வரவில்லை. சர்க்கார் பெஞ்ச், சர்க்கார் கக்கூஸ். ஆனால் அங்கேயும் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவனிடம்தான் கேட்டார்கள். யாரும் பர்சென்ட் கேட்கவில்லை. எக்ஸ்ரே உறை ஆட்டோவிலேயே போய்விட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். முதல் வாரம் அவன் தூங்கினான். இரண்டாவது வாரம் சுரங்கத்தில் செத்துப்போனவரின் பெயரைச் சொல்லி, அவர் என்னவெல்லாம் பேசினார் என்று அங்கே ஒரு டாக்டரிடம் சொன்னானாம். எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கார் நிறுத்துமிட வேலையை விட்டான். அவன் மனைவியும் மகளும் தங்கவயலிலிருந்து வந்து ஈஜிபுராவில் ஒற்றை அறை எடுத்தார்கள். அங்கே ஒரு தண்ணீர் கேன் கடையில் சேர்ந்தான். சைக்கிளில் கேன் போடுகிற வேலை. தூசிக்காரனுக்கு ஆகாது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டான். நடுவில் ஒருமுறை தானாகவே நிறுத்திவிட்டு, மறுபடியும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். அவன் மனைவி மறுநாளே கூட்டிப் போய்விட்டாள். பெரியப்பா மகன் ஒரு பண்டிகைக்கு வந்து வழக்கம்போல, "இப்போ எத்தனை பர்சென்ட்டா?" என்று வம்பிழுத்தான். நாங்கள் எல்லோரும் தட்டைப் பார்த்தோம். மச்சான், "கீழ் வீட்ல அதே பதினைஞ்சுதான். மேல்மாடியில ஒழுகிட்டு இருந்துச்சு, சிமெண்ட் பூசி இருக்காங்க" என்றான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். இரண்டாம் முறை சோறு கேட்டான்.

என் அருவருப்பு மட்டும் போகவில்லை. சில வருடம் கழித்து எனக்கே சர்க்கரை இறங்கி மயக்கம் வந்து, அந்த முதல் நர்சிங் ஹோமுக்கே தூக்கிப் போனார்கள். புது டைல்ஸ் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், நெஞ்சு படபடக்கிறது என்று வந்தவள், கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தாள். டாக்டர் அவள் புருஷனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். புருஷன் சொல்லிக்கொண்டிருந்தான். கேஸ் டிரபிள் என்று முடிவாயிற்று. நான் எழுந்து உட்கார்ந்து, அந்த அம்மாவைக் கேளுங்கள் என்றேன். டாக்டர் கூட வந்திருந்த என் பேரனைப் பார்த்து, தாத்தாவுக்குக் குளுக்கோஸ் ஏறியதும் சரியாகிவிடும் என்றார்.

மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு தடவை அவசரப் பிரிவுகளில் நான் கட்டியது பதினேழாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். காயத்துக்கு மட்டுமே வைத்தியம் பார்ப்பேன் என்ற பெரிய டாக்டரின் ஆலோசனைக் கட்டணமும் அதில் அடக்கம். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடத்துக்கு பில்லில் எதுவும் போடவில்லை. மனநோய் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாளுக்கும் முதல் மருந்துக்கும் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து. அவனை உயிரோடு வைத்துக்கொள்ள ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.